தெருக்கோடிக் குப்பையும் கூட்டுறவும்

நூல் ஒதுக்கீடு, கூலி விகிதம், பயிர்க்கடன் தவணை, பங்கு ஈவு ஆகியவற்றைப் பற்றி ஒரு கூட்டுறவு ஆய்வாளன் எழுதினால் அங்கத்தினர்கள் வியப்படைய மாட்டார்கள். குப்பையைப் பற்றி எழுத முன்வந்தால், இவருக்கு வேறு விஷயம் கிடைக்கவில்லையா என்று எண்ணுவோர் சிலர் இருக்கலாம். ஆயினும் கணக்குத் தணிக்கைக்காக ஊர் ஊராகச் சென்று வரும் எனக்கு, ஏறக்குறைய ஒவ்வொரு நெசவாளர் தெருவின் கோடியிலும் ஒரு குப்பைமேடு கண்ணில் படுகிறது. அதிலிருந்து ஐந்து நிமிட நடைத் தொலைவில் எரு இன்றி வெளுத்துப்போன நிலமும் கண்ணில் படுகிறது. ஒருவருக்கு மிஞ்சுவது மற்றொருவருக்குத் தேவையாக இருக்கும்போது இருவரையும் சேர்த்துவைப்பதே கூட்டுறவின் தொழில். ஆகவே இது நம் பத்திரிகைக்குப் புறம்பான விஷயம் அன்று.

குப்பைமேட்டால் விளையும் கேடுகளை விரித்துரைக்க வேண்டியதில்லை. காற்றுப் புகாமல் குவிந்து அழுகும் கழிவிலிருந்து துர்நாற்றமும் மீத்தேன் என்னும் எரிவாயுவும் உண்டாகின்றன. ஈயும் எலியும் பெருகுகின்றன. யாரேனும் நெருப்பு வைத்துவிட்டால், அதில் கலந்த பிளாஸ்டிக் பைகளின் புகை, தெருவில் பாவு விரித்து வேலை செய்பவர் மூச்சில் நேரே சென்று சேருகிறது. இவற்றினும் பெரிய கேடு ஒன்று உண்டு. யாருக்கும் சொந்தமில்லாத அந்த மேட்டைக் குறித்து ஒரு வீட்டார் மறுவீட்டாரைக் குறை கூறுவதும், கீழத்தெரு மேலத்தெருவைப் பழிப்பதும் நாளடைவில் பழக்கமாகிவிடுகின்றன. தெருவில் ஒற்றுமை இல்லாத இடத்தில் சங்கத்திலும் ஒற்றுமை நிலைப்பதில்லை என்பது என் அநுபவம்.

எரு ஆகும் விதம்

இலை, தழை, காய்கறித் தோல், சாணம் போன்றவை மக்கி எருவாவது நுண்ணுயிர்களின் வேலை. அவ்வுயிர்களுக்கு நான்கு பொருள்கள் வேண்டும்: கரிச்சத்து, தழைச்சத்து, ஈரம், காற்று. உலர்ந்த இலை, வைக்கோல், மரத்தூள் ஆகியவற்றில் கரிச்சத்து மிகுதி. சமையலறைக் கழிவிலும் பசுஞ்சாணத்திலும் தழைச்சத்து மிகுதி. தழைச்சத்து 1 பங்குக்குக் கரிச்சத்து சுமார் 30 பங்கு என்ற அளவில் இருந்தால் மக்குதல் விரைவாக நடக்கும். வைக்கோலில் அது 80 பங்கு அளவில் இருக்கிறது. ஆகையால் வைக்கோலை மட்டும் குவித்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். சமையலறைக் கழிவில் அது பெரும்பாலும் 20 பங்குக்கும் குறைவு. ஆகையால் அதை மட்டும் குவித்தால் அழுகி நாறும். இரண்டையும் தக்கவாறு கலப்பதே இக்கலையின் முதற்பாடம்.

ஈரத்தை அளக்கக் கருவி தேவையில்லை. குவியலிலிருந்து ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். பிழிந்த துணியைப் போல் ஈரமாக இருந்து ஓரிரு சொட்டு நீர் மட்டும் கசிந்தால் சரி. நீர் ஒழுகினால் ஈரம் மிகுதி. உதிர்ந்துபோனால் ஈரம் போதாது. குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 3 அடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் உள்ளே சூடு தங்காது. நன்கு அமைந்த குவியலின் நடுவே சில நாட்களில் வெப்பம் 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை ஏறும். கையை நுழைத்தால் தாங்க முடியாது. அந்தச் சூடு தொடர்ந்து சில நாள் நின்றால், நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன.

இந்த முறைகளை ஆராய்ந்து ஒழுங்குபடுத்தியதில் நம் நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 1924-இல் இந்தூரில் அமைந்த தாவரத் தொழில் ஆராய்ச்சி நிலையத்தில் ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் விஞ்ஞானி, யஷ்வந்த் வாட் என்னும் இந்திய ரசாயன அறிஞரின் துணையோடு இத்துறையில் உழைத்தார். சீன உழவர்களின் பழைய வழக்கங்களும் நம் உழவர்களின் அநுபவமும் அவருக்கு ஆசான்களாக இருந்தன. 1931-இல் இருவரும் வெளியிட்ட நூலின் வாயிலாக ‘இந்தூர் முறை’ உலகெங்கும் அறிமுகமாயிற்று. கழிவு, சாணம், மண் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு, மும்முறை கிளறி, மூன்று மாதத்தில் எருவாக்குவதே அம்முறை. 1939-இல் பெங்களூரில் சி. என். ஆச்சார்யா என்பவர் வகுத்த முறையில் குழியை நிரப்பி மண்ணால் மெழுகிவிடுவார்கள், கிளற வேண்டியதில்லை. ஆனால் எரு முதிர ஆறு முதல் எட்டு மாதம் வரை செல்லும். இடவசதி உள்ள தோட்டத்திற்கு அது பொருந்தும். வீடுகள் நெருங்கிய தெருவுக்கு, காற்றோட்டமுள்ள தொட்டியே ஏற்றது.

ஆலப்புழை காட்டிய வழி

நம் அண்டை மாநிலத்தின் ஆலப்புழை நகரம் இதற்குச் சிறந்த உதாரணம். அந்நகரின் குப்பை முழுவதையும் அருகிலுள்ள சர்வோதயபுரம் என்னும் இடத்தில் கொண்டுபோய்க் கொட்டிவந்தார்கள். அந்தக் கிராமத்தார் பல ஆண்டுகள் பொறுத்திருந்து, பின்னர் வண்டிகளை மறித்தார்கள். குப்பை நகரத் தெருக்களிலேயே தேங்கிற்று. அப்போது, 2012-இல், வேறோர் ஊரைத் தேடிச் செல்லாமல், தோன்றும் இடத்திலேயே கழிவைத் தீர்ப்பது என்று நகரசபை முடிவு செய்தது. வீடுகளில் குழாய் எருக்கலன்களும் சாண எரிவாயுவைப் போன்ற சிறு எரிவாயுக் கலன்களும் வைக்கப்பட்டன. அவை வைக்க இடமில்லாத வீட்டார் கழிவைக் கொண்டுவந்து சேர்ப்பதற்காகத் தெருக்களில் பொதுத் தொட்டிகள் அமைக்கப்பட்டன. அத்தொட்டிகள், கேரளக் கால்நடைப் பல்கலைக் கழகத்தின் தும்பூர்முழி நிலையத்தில் உருவான மாதிரியைச் சேர்ந்தவை. பக்கங்களில் இடைவெளி விட்டுக் கட்டிய, ஏறக்குறைய 4 அடிச் சதுரமான தொட்டி. அதில் சாணம், உலர்ந்த இலை, கழிவு என அடுக்கடுக்காக இடுதல். சுமார் 90 நாள் ஓய்வு. முறை இவ்வளவே. 2017-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்ட அமைப்பு, கழிவைக் கையாள்வதில் முன்மாதிரியாகக் குறிப்பிட்ட உலக நகரங்கள் ஐந்தனுள் ஆலப்புழையும் இடம் பெற்றது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது தொட்டியின் அமைப்பை மட்டும் அன்று. நம் கழிவை அடுத்த கிராமத்தின் வாசலில் கொட்டும் உரிமை நமக்கு இல்லை என்பதை ஒரு நகரம் ஒப்புக்கொண்டதே முக்கியமாகும்.

என் பிழை ஒன்று

நிற்க. என் சரகத்தில் ஒரு நெசவாளர் தெருவில் இம்முயற்சி முதலில் தோற்ற கதையையும் சொல்லிவிட வேண்டும். அதில் பிழை என்னுடையது. நாற்பது வீடுகள் கொண்ட அத்தெருவில் சங்கத் தலைவரும் நிர்வாகக் குழுவினரும் ஆர்வத்தோடு இசைந்தார்கள். நானும் தொட்டியின் அளவைச் சொல்லி, பணம் எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டேன். உலர்ந்த இலை எங்கிருந்து வரும் என்று நான் கேட்கவில்லை. நெசவாளர் தெருவில் மரங்கள் அரிது. இலை இல்லாமலே பதினைந்து நாள் சமையல் கழிவைக் கொட்டினார்கள். ஒரு திருமணத்தின் எச்சில் இலைகளும் கிழிக்கப்படாமல் அப்படியே அதில் வந்து விழுந்தன. தொட்டியின் அடியிலிருந்து கறுப்பு நீர் வழிந்தது. நாற்றம் தாங்காமல் பின் தெருவார் சங்கத்து வாசலுக்கே வந்துவிட்டார்கள். நான் மறுபடி சென்றபோது ஒருவரும் என் முகத்தைப் பார்க்க விரும்பவில்லை.

பின் தெருவார் யாவரும் காய்கறியும் கரும்பும் பயிரிடுவோர். கூட்டத்தில் அவர்களுள் பெரியவர் ஒருவர், “எங்கள் வயலில் கரும்புத் தோகையை நெருப்பு வைத்துக் கொளுத்துகிறோம். உங்கள் தொட்டியில் இலை இல்லாமல் நாறுகிறது. இரண்டு பேரும் முட்டாள்களாக இருக்கிறோம்” என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். வழியும் அதிலேயே பிறந்தது. தோகையையும் நிலக்கடலைத் தோலையும் சருகையும் அவர்கள் கொண்டுவருவது, சமையல் கழிவை இவர்கள் தருவது, எருவை இருவரும் பகிர்ந்துகொள்வது என்று முடிவாயிற்று. தோகையைச் சாண் அளவுத் துண்டுகளாக நறுக்கி இட்டார்கள். நாறிய குவியலை வெளியே எடுத்து, உலர் பொருளோடு கலந்து மறுபடி அடுக்கினார்கள். நான்கைந்து நாளில் நாற்றம் அடங்கிற்று, குவியல் சூடேறிற்று.

யார் கிளறுவது?

இதன் பிறகே உண்மையான கேள்வி எழுந்தது. தொட்டியைக் காலி செய்து, குவியலைக் கிளறி, எருவைச் சலிப்பது யார்? மாதம் ஒரு தொகை கொடுத்து, ஊர்க் கடைசியிலுள்ள குடியிருப்பிலிருந்து ஒருவரை அமர்த்திவிடலாம் என்று சிலர் யோசனை கூறினார்கள். பிறர் கழித்ததை அள்ளும் வேலை நம் நாட்டில் காலங்காலமாகச் சில குடும்பங்களின் தலைமீதே சுமத்தப்பட்டு வந்திருக்கிறது. அந்த யோசனை தொடர்ந்தது அந்த வழக்கத்தைத்தான். அப்போது தார் சுற்றிப் பிழைக்கும் மூதாட்டி ஒருவர் எழுந்து, “நம் வீட்டு எச்சில் இலையைத் தொட நாம் கூசினால், வேறொருவரைத் தொடச் சொல்ல நமக்கு என்ன நியாயம் இருக்கிறது, ஐயா?” என்று கேட்டார். சபையில் சற்று நேரம் பேச்சில்லை. முடிவில், வீட்டுக்கு ஒருவராக, ஞாயிறுதோறும் நான்கு வீட்டார் முறைவைத்து வேலை செய்வது என்றும், முதல் முறை தலைவருடையது என்றும் தீர்மானம் ஆயிற்று. தலைவர் அந்த ஞாயிறன்று மண்வெட்டியோடு முதலில் வந்து நின்றார். அதன் பின் முறை தவறியவர் மிகச் சிலரே.

கூலி கொடுத்து ஆள் அமர்த்துவது எப்போதும் தவறு என்று நான் கூறவில்லை. முதியோரும் நோயாளிகளும் மட்டுமே உள்ள வீட்டாருக்கு அது தேவைப்படலாம். அவ்வாறு அமர்த்தினால் நியாயமான கூலியும், கையுறை, காலணி, கைகழுவச் சோப்பு ஆகியவையும் கொடுக்க வேண்டும். தம் முறையைத் தாமே செய்யும் தெருவில்தான் அந்த ஆளுக்கும் மரியாதை கிடைக்கும்.

தொட்டிகளும் நடைமுறையும்

நாற்பது வீட்டுக்கு என்ன தேவை என்று பார்ப்போம். வீட்டுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ கழிவு என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 20 கிலோ, மாதத்திற்கு 600 கிலோ ஆகும். உலர் பொருளும் சேர்ந்து அமுங்கிய பின், 4 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரம் உள்ள தொட்டி ஏறக்குறைய ஒரு மாதத்தில் நிரம்பும். ஆகவே நான்கு தொட்டிகள் வேண்டும். நான்காவது நிரம்பும்போது முதலாவது மூன்று மாத ஓய்வை முடித்து எருவாகியிருக்கும். அதை எடுத்துவிட்டு மறுபடி நிரப்பத் தொடங்கலாம்.

செய்முறையைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

1. தொட்டியின் அடியில் அரை அடி உயரத்திற்குச் சுள்ளி, தென்னை மட்டைத் துண்டு போன்றவற்றைப் பரப்புக. அடிப்புறம் காற்றுப் புக இது வழி.

2. அதன் மேல் பசுஞ்சாணம் அல்லது சாணக் கரைசலைத் தெளித்து, உலர் இலையை ஒரு சாண் பரப்புக.

3. அன்றாடக் கழிவைக் கொட்டியவுடன், அதைப் போல் ஒன்றரை மடங்கு கொள்ளளவுள்ள உலர் பொருளால் மூடுக. கழிவு கண்ணுக்குத் தெரியாதபடி மூடினால் ஈ வராது.

4. வாழையிலையையும் மாலையையும் கிழித்துப் போடுக. மாலையிலுள்ள ஜிகினாவையும் பிளாஸ்டிக் நூலையும் முதலில் நீக்குக.

5. மேலே கூரை அவசியம். மழை நீர் புகுந்தால் காற்று வெளியேறி அழுகல் தொடங்கும். எலி வராதபடி இடைவெளிகளில் கம்பி வலை அடிக்க வேண்டும்.

6. ஈரம் குறைந்தால் நெசவு வேலையில் மிஞ்சிய அரிசிக் கஞ்சி நீரையே தெளிக்கலாம். சாய நீரை ஒரு துளியும் சேர்க்கலாகாது. அதிலுள்ள உப்பும் ரசாயனமும் நிலத்துக்குப் பகை.

7. சாயமிடாத பருத்திக் கழிவு நூலைச் சிறு துண்டுகளாக நறுக்கிச் சேர்க்கலாம். சாயநூல், ஜரிகை, பாலியெஸ்டர் இழை, கண்ணாடி, மருந்துப் பட்டை, மின்கலம் ஆகியவை ஆகா. மீன், இறைச்சிக் கழிவுகளை முதல் ஆண்டு தவிர்ப்பது நலம்.

எரு முதிர்ந்ததற்கு அடையாளம், கரும்பழுப்பு நிறமும் மழை பெய்த மண்ணின் வாசனையும் ஆகும். தொட்டால் சூடு இராது. முதிராத எருவை இட்டால், அது நிலத்தின் தழைச்சத்தையே எடுத்துக்கொண்டு பயிரை வெளுக்கச் செய்யும். அவசரம் வேண்டாம்.

கணக்கும் பங்கீடும்

கணக்கில்லாத கூட்டு முயற்சி நிலைக்காது. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, சேர்ந்த கழிவின் எடை, வந்த உலர் பொருளின் கூடைகள், முறைக்கு வந்தவர் பெயர், எடுத்த எரு, அதன் பங்கீடு ஆகியவற்றை எழுதிச் சங்கத்து வாசலில் மாதந்தோறும் ஒட்டிவிட வேண்டும்.

எருவைக் கொடுத்த கழிவின் எடைக்கேற்பப் பங்கிடலாம் என்று சிலர் கூறுவர். அது நியாயமன்று. விருந்தும் விழாவும் மிகுந்த வீட்டில் கழிவு மிகுதி. இரண்டு வேளைக் கஞ்சியோடு நிறுத்திக்கொள்ளும் வீட்டில் கழிவே இராது. செல்வம் மிக்கவருக்கு எருவும் மிகுதியாகச் செல்வது கூட்டுறவுக்கு அடுக்காது. ஆகவே உழைத்த முறைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பவும், உலர் பொருள் கொண்டுவந்த கூடைகளுக்கு ஏற்பவும் பங்கிடுவதே சரி. நிலமில்லாத நெசவாளர் தம் பங்கைப் பயிரிடுவோருக்கு விற்கலாம். விலையைக் கூட்டம் நிர்ணயிக்கட்டும். மீதத் தொகையைக் கருவி நிதியாக வைக்கட்டும். சங்கத்தின் பெயரில் இதை நடத்துவதானால், துணைவிதிகள் இடந்தருகின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையெனில் தெருக்குழு ஒன்றைத் தனியே அமைத்து, சங்கக் கணக்கோடு கலக்காமல் நடத்துக.

பெரும் லாபம் வரும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். நாற்பது வீட்டின் ஓராண்டுக் கழிவு 7,300 கிலோ. உலர் பொருளும் சேர்ந்து மக்கி வற்றிய பின் ஏறக்குறைய 3 டன் எரு மிஞ்சினால் அதிகம். நன்செய், புன்செய்ப் பயிர்கள் பலவற்றுக்கும் ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இடச் சொல்கிறார்கள். ஆகவே ஒரு தெருவின் எரு முழு ஏக்கருக்கும் காணாது. நாற்றங்காலுக்கும் காய்கறிப் பாத்திக்கும் வீட்டுத் தோட்டத்திற்கும் போதும். இதைத் தெரிந்தே தொடங்கினால் ஏமாற்றம் இல்லை.

அப்படியானால் இதன் பயன்தான் என்ன?

முன் சொன்ன தெருவில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லி விளக்குகிறேன். தார் சுற்றும் அந்த மூதாட்டி தனியே வசிப்பவர். நாள்தோறும் காலையில் தம் சிறு வாளியோடு தொட்டிக்கு வருவார். ஒரு சமயம் இரண்டு நாள் அவர் பெயருக்கு நேரே நோட்டில் பதிவு இல்லை. கணக்கு எழுதும் இளைஞர் பின் தெருவைச் சேர்ந்தவர். முன்பு அந்தத் தெருவில் கால் வைத்தறியாதவர். அவரே போய்க் கதவைத் தட்டினார். அம்மூதாட்டி காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்தார். உடனே அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றார்கள், பிழைத்துக்கொண்டார். நோட்டுப் புத்தகத்தில் ஒரு வெற்றிடத்தைக் கண்டு ஒருவர் கவலைப்படும் தெருவாக அது மாறியிருந்தது. அதற்கு முன் அவர் எத்தனை நாள் வெளியே வராதிருந்தாலும் கேட்பார் இருந்திருப்பார்களா என்பது சந்தேகமே.

நம் தொழில்கள் மாறிவிட்டன. முன்பு பாவு ஓடவும் தோயவும் தெருவே கூடிற்று. நடவுக்கும் அறுப்புக்கும் ஊரே கூடிற்று. பல ஊர்களில் அவ்வேலைகளைப் பெரும்பாலும் இயந்திரம் செய்கிறது. ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவதற்கான காரணங்கள் குறைந்துவிட்டன. பேசச் சொல்லி உபதேசம் செய்வதால் ஜனங்கள் பேசிவிடுவதில்லை. சேர்ந்து செய்ய ஒரு வேலை இருந்தால் பேச்சு தானே வரும். 1995-இல் மாஞ்செஸ்டரில் கூடிய சர்வதேசக் கூட்டுறவு மாநாடு, கூட்டுறவுக் கொள்கைகளுள் ஏழாவதாகச் சமுதாயத்தின்பால் அக்கறை என்பதைச் சேர்த்தது. அந்த அக்கறையைக் காட்டத் தெருக்கோடியை விட அருகிலுள்ள இடம் நமக்கு இல்லை.

அரசாங்க விதிகளும் இதற்கு அநுகூலமானவையே. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், மக்கும் கழிவு, மக்காத கழிவு, தீங்கு தரும் கழிவு என்று வீட்டிலேயே பிரிக்கும் கடமையை வகுத்தன. பிரிப்பது கட்டாயம் என்றாகிவிட்ட பின், பிரித்ததை நம் பயனுக்கே ஆக்கிக்கொள்வதில் என்ன தடை?

ஆர்வமுள்ள சங்கங்கள் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இரண்டு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். உலர் இலை எங்கிருந்து வரும்? முதல் ஞாயிறன்று மண்வெட்டி எடுப்பவர் யார்? இவ்விரண்டுக்கும் விடை கிடைக்கும் வரை ஒரு செங்கலும் வாங்க வேண்டாம். விடை கிடைத்துவிட்டால், மற்றவை மூன்று மாதத்தில் தாமே மண்வாசனையோடு உங்கள் கைக்கு வந்து சேரும்.